பபிள் டிப் கடல் சாமந்தி இரண்டாகப் பிரிந்துவிட்டது: பாறையில் இருக்கும் குட்டிகளும் அதனுடையவையா?

உப்புத்தொட்டி:
வணக்கம். 250 லிட்டர் மரைன் டேங்க். ஒப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, நைட்ரேட் 10 பிபிஎம். ஒன்றரை வருடமாக இருக்கும் பபிள் டிப் (பூப்போல விரியும் கடல் பிராணி, பாறையில் ஒட்டி வாழும்) நேற்று மாலை முழுக்க நீளவாக்கில் இழுத்துக்கொண்டு கிடந்தது. காலையில் பார்த்தால் இரண்டு! இரண்டும் சுருங்கியிருக்கின்றன, வாய் ஒரு பக்கம் கிழிந்த மாதிரி தெரிகிறது. இது நோயா, இனப்பெருக்கமா? எப்போது இரை கொடுக்கலாம்? லைவ் ராக்கின் (சிற்றுயிர்கள் குடியிருக்கும் கடல் பாறை) பின்பக்கம் மிளகு அளவில் ஏழெட்டு குட்டிச் சாமந்திகளும் இருக்கின்றன. அவையும் இதன் குட்டிகள்தானா? மூன்றாவதாக ஒன்று வேண்டுமென்றால் நானே வெட்டலாமா?

ஆழிவலை:
நோய் இல்லை. பபிள் டிப் பெருகுவதே பெரும்பாலும் இப்படித்தான். பாதத்தின், அதாவது பாறையில் ஒட்டும் அடிப்பகுதியின், ஒரு பாதி ஒரு திசையிலும் மறுபாதி எதிர்த்திசையிலும் நகரும். நடுவில் உடல் மெலிந்துகொண்டே வந்து வாயோடு சேர்த்துக் கிழியும். சில மணி நேரத்திலும் முடியலாம், இரண்டு மூன்று நாளும் இழுக்கலாம். நீங்கள் பார்க்கும் கிழிந்த வாய் இயல்பானது. ஓரங்கள் உள்பக்கமாக மடிந்து ஒட்டிக்கொள்ளும், பாதி வாய் வட்டமாகும், பாதித் தொண்டை மறுபடி குழாயாகும். இதற்கு ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை பிடிக்கும்.

அதுவரை இரை வேண்டாம். மூடாத வாயில் இறால் துண்டு போனால் உள்ளேயே அழுகி, அதுதான் கொல்லும். வாய் இறுக மூடி, கொடுக்குகள் (வாயைச் சுற்றி விரல் போல நீண்டிருப்பவை) தொட்டால் ஒட்டுகின்றன என்று தெரிந்த பிறகு உளுந்து அளவுக்கு ஒரு துண்டு இறாலோ, மைசிஸ் என்ற குட்டி இறால் வகையோ கொடுங்கள். மறுநாள் அப்படியே வெளியே தள்ளினால் இன்னும் நான்கு நாள் பொறுங்கள்.

ஒரு வேலையை இன்றே செய்யுங்கள்: பம்ப் உறிஞ்சும் வாய்களுக்குப் பஞ்சு உறை போடுங்கள். பிரிந்ததில் ஒன்றாவது இடம் தேடி நடக்கும். தொட்டியில் சாமந்தி சாவதற்கு பம்பில் சிக்குவது பெரிய காரணம்.

கல்லும்கடலும்:
ஆழிவலை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். பிரிவதை நல்ல அறிகுறி என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். நன்றாகத் தின்று வளர்ந்தும் பிரியும். திடீரென்று நிறையத் தண்ணீர் மாற்றினாலோ, வெப்பம் ஏறினாலோ, விளக்கு மாற்றினாலோ அதிர்ச்சியிலும் பிரியும். கடந்த பத்து நாளில் தொட்டியில் என்ன மாறியது என்று பாருங்கள். பிரிந்த பாதிகள் பழைய அளவுக்கு வளராமல் மறுபடி மறுபடி பிரிந்தால் கட்டாயம் ஏதோ சரியில்லை.

இனி அந்த மிளகுக் குட்டிகள். அவை உங்கள் சாமந்தியின் குட்டிகள் அல்ல. பபிள் டிப் பிரிந்தால் கிடைப்பது பாதி உடல். மிளகு அளவில் ஒன்று கிடைக்காது. இவை பெரும்பாலும் ஐப்டேசியா என்ற தொல்லைச் சாமந்தி, லைவ் ராக்கோடு வந்தவை. மெல்லிய, கண்ணாடி போன்ற பழுப்புத் தண்டு, நுனி கூரான நீண்ட கொடுக்குகள், நிழல் பட்டாலே சடக்கென்று ஓட்டைக்குள் இழுத்துக்கொள்ளும். கொடுக்குகள் குட்டையாக, நுனி உருண்டு, பச்சையாக இருந்தால் அது மஜானோ என்ற இன்னொரு தொல்லைச் சாமந்தி. அந்த உருண்டை நுனியைப் பார்த்துத்தான் பலர் பபிள் டிப் குட்டி என்று ஏமாறுகிறார்கள்.

ஐப்டேசியா பெருகும் வழியே வேறு. நகரும்போது பாதத்தின் ஓரத்திலிருந்து குண்டூசித் தலையைவிடச் சிறிய துணுக்குகளைப் பாறையில் விட்டுவிட்டுப் போகும். ஒவ்வொரு துணுக்கும் ஓரிரு வாரத்தில் வாயும் கொடுக்குமாக முழுச் சாமந்தி ஆகிவிடும். லென்ஸ் வைத்துப் பாருங்கள், பெரியதன் காலைச் சுற்றியே பொட்டுப் பொட்டாக இருக்கும். அதனால்தான் கத்தியால் சுரண்டவே கூடாது. சுரண்டினால் ஒன்று பத்தாகும்.

அவற்றைக் கொல்ல, கால்சியம் ஹைட்ராக்சைடை, அதாவது நீற்றிய சுண்ணாம்பை, ஆர்ஓ தண்ணீரில் தயிர்ப் பதத்துக்குக் குழையுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், வேறு என்ன கலந்திருக்கும் என்று தெரியாது. பம்புகளை நிறுத்திவிட்டு, முனை மழுங்கிய ஊசியால் அரை மில்லி அளவு நேராக வாய் மேல் வையுங்கள். தண்டைத் தொட்டுவிட்டால் சுருங்கிக்கொள்ளும், மருந்து வெளியே சிந்தும். 15 நிமிடம் கழித்து பம்பைப் போடுங்கள். பிஹெச் ஏறும் என்பதால் ஒரே நாளில் மூன்று நான்குக்கு மேல் வேண்டாம். பபிள் டிப் பக்கத்தில் இருக்கும் பாறை என்றால் பாறையை வெளியே எடுத்துச் செய்யுங்கள்.

பெப்பர்மின்ட் இறால் சின்ன ஐப்டேசியாக்களைத் தின்னும். வாங்கும்போது அதைப் போலவே இருக்கும் கேமல் இறாலைத் தந்துவிடப் போகிறார்கள், கவனம்; அது பவளத்தையும் கொறிக்கும். பெர்கியா என்ற ஓடில்லா நத்தைக்கு ஐப்டேசியா மட்டும்தான் உணவு. ஆனால் பெப்பர்மின்ட் இறாலையும் பெர்கியாவையும் ஒரே தொட்டியில் விடாதீர்கள், நத்தை இறாலுக்கு இரையாகிவிடும்.

ஆழிவலை:
வெட்டுவது பற்றி: இப்போது வேண்டாம். விரிந்தால் குறைந்தது 12 செ.மீ. வரவேண்டும், ஆறு மாதமாவது அதிர்ச்சி இல்லாமல் இருந்திருக்க வேண்டும். பிறகு, அது ஒட்டியிருக்கும் சிறு கல்லோடு எடுத்து, பாதத்தை நகத்தால் அல்ல, விரல் சதையால் மெதுவாகக் கிளப்புங்கள். தொட்டித் தண்ணீரில் நனைத்த தட்டில் வாய் மேலே இருக்கும்படி வைத்து, புது பிளேடால் வாயின் நடுவே ஒரே அழுத்தில் பாதம் வரை வெட்டுங்கள். அறுத்து அறுத்து இழுத்தால் ஓரம் நைந்து அழுகும். இரண்டு பாதியிலும் வாயும் பாதமும் இருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். நான்கு துண்டு ஆசை வேண்டாம்.

சளி நிறைய வரும், தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டு, நீரோட்டம் மெதுவாக உள்ள இடத்தில் ஓட்டைக் கூடைக்குள் சிறு கற்களோடு விடுங்கள். வாய் பிதுங்கி, உடல் கரைந்து நாறத் தொடங்கினால் உடனே எடுத்துவிடுங்கள். ஒன்று அழுகினால் தொட்டியே கெடும். கார்ப்பெட் என்ற வேறு வகைச் சாமந்திகளில் இந்த வெட்டும் வேலையே வேண்டாம்.

உப்புத்தொட்டி:
மிக்க நன்றி. கொடுக்கு நுனி கூர்தான், ஐப்டேசியாவேதான். இன்னொன்று: தொட்டியில் முட்டை மூலமாகக் குட்டி வரவே வராதா?

கல்லும்கடலும்:
பபிள் டிப்பில் ஆண் வேறு, பெண் வேறு. பிரிந்து வந்தவை எல்லாம் ஒரே உயிரின் நகல்கள், அதனால் ஒரே பால். உங்களிடம் இருபது ஆனாலும் ஆணாக இருந்தால் இருபதும் ஆண். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் சாலிட்டரி தீவுகளை ஒட்டி, கோடையின் பிற்பகுதியில், பௌர்ணமி கழிந்த சில இரவுகளில் இவை முட்டையையும் விந்தையும் நீரில் விடுவது பதிவாகியிருக்கிறது. சாமந்தியின் உடலுக்குள் வாழ்ந்து அதற்கு உணவு தரும் நுண்பாசி உண்டு; அந்த முட்டைக்குள்ளேயே தாயின் பாசி இருக்கும். ஐப்டேசியா முட்டையில் பாசி கிடையாது, லார்வா அதை வெளியிலிருந்துதான் எடுத்துக்கொள்ளும். கருவுற்ற முட்டை பிளானுலா என்ற இளம் லார்வாவாகி மிதந்து, பிறகு ஒட்டும். தொட்டியில் ஸ்கிம்மரும் (நுரையாக்கி அழுக்கைப் பிரிக்கும் கருவி) பம்பும் அதை விடாது.

குட்டியை வயிற்றில் வைத்திருக்கும் இனங்களும் உண்டு. பிரிட்டன் கரைப் பாறைகளில் இருக்கும் ஆக்டினியா எக்வினா, கொடுக்கு முளைத்த குட்டிகளை வாய்வழியே துப்பும். ஆண்களுக்குள்ளும் அப்படிக் குட்டிகள் கிடைத்திருக்கின்றன, அவை பெற்றதன் அச்சு நகல்களே. வட அமெரிக்காவின் பசிபிக் கரையில் எபியாக்டிஸ் புரோலிஃபெரா குட்டிகளைத் தன் தண்டைச் சுற்றி மாலை போல ஒட்டிவைத்து வளர்க்கும்.

உங்கள் தொட்டியில் ஒரு நாள் பபிள் டிப்பின் வாயிலிருந்து வெள்ளைப் புகை போல வந்தால் அது விந்து. ஸ்கிம்மர் பொங்கும், கோப்பையைக் காலி செய்துகொண்டே ஓடவிடுங்கள். வடிகட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் போட்டு, கால்வாசித் தண்ணீர் மாற்றுங்கள். ஆக்சிஜன் குறையும் என்பதால் அன்றிரவு ஏர் பம்பும் ஓடட்டும்.