மாம்பழக் கரும்புள்ளிப் பூஞ்சை பிஎச்சை (அமில, கார அளவை) எப்படி உணர்கிறது?

தோட்டக்கலை மாணவி, கிருஷ்ணகிரி:
பெங்களூரா மாம்பழம் காயாக இருக்கும்வரை கரும்புள்ளிப் பூஞ்சையான கொலெட்டோட்ரைக்கம் அடங்கிக் கிடக்கிறது, பழுத்ததும் பரவுகிறது. பிஎச் தான் காரணமா? பிஎச் 4, 7 என இரண்டு குடுவையில் வளர்த்தால் மூன்றாம் நாள் இரண்டின் பிஎச்சும் மாறிவிடுகிறது. பிஎச் 4இல் அகர் (ஊடகத்தை இறுகவைக்கும் பொருள்) இறுகவே இல்லை.

காவேரிப்பட்டணம்:
பிஎச் முக்கியக் காரணம், ஆனால் ஒரே காரணம் இல்லை. பழுக்கும்போது பூஞ்சையைத் தடுக்கும், தோலிலுள்ள ரெசார்சினால் சேர்மங்களும் குறைகின்றன. பூஞ்சையே அம்மோனியா கக்கிச் சுற்றுத் திசுவின் பிஎச்சை ஏற்றுகிறது. ஏறியதும் பூஞ்சையின் மரபணுக்களை இயக்கும் பாக்-சி புரதம் விழித்து, பழத்தின் செல்சுவரிலுள்ள பெக்டினைக் கரைக்கும் நொதியின் மரபணுவை முடுக்கிவிடும்.

இந்த விழிப்பு அஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸ் என்ற வேறொரு பூஞ்சையில்தான் நன்றாகத் தெளிவானது. செல் சவ்விலுள்ள பால்-எச் என்ற புரதம் காரத்தை உணரும். பால்-எஃப் புரதம் வழியே சேதி போகும். பால்-பி நொதி 72 கிலோடால்டன் (புரத எடை அலகு) பாக்-சியை 53 ஆக வெட்டும். புரதங்களைச் சிதைக்கும் புரோட்டியசோம் அதை 27 ஆக்கும். அந்த 27 தான் உட்கருவில் வேலை செய்யும்.

பாலக்கோடு ஆய்வகம்:
குடுவையில் தாங்கல் கரைசல் (பிஎச்சை மாறாமல் வைப்பது) இல்லையா? பூஞ்சை அம்மோனிய உப்பைத் தின்றால் பிஎச் இறங்கும், நைட்ரேட்டைத் தின்றால் ஏறும். பிஎச் 7க்கு 50 மில்லிமோலார் மாப்ஸ் என்ற தாங்கலைப் போடுங்கள், தினமும் பிஎச்சை அளந்து பாருங்கள். அமிலத்தோடு ஆட்டோகிளேவில் (அழுத்த நீராவிக் கலத்தில்) வைத்தால் அகர் சிதையும். அகரை இரட்டைச் செறிவில் தனியாக வேகவைத்து, 60 டிகிரிக்கு ஆறியதும் ஊடகத்தோடு கலக்கவும்.

பாக்-சியின் அளவைப் பார்க்க வெஸ்டர்ன் பிளாட் (புரதங்களைப் பட்டைகளாகக் காட்டும் சோதனை) செய்தால் கவனம்: பூஞ்சையை அரைக்கும்போதே புரதத்தை வெட்டும் புரோட்டியேஸ் நொதி பாக்-சியை வெட்டி, பொய்யான சின்னப் பட்டை காட்டும். வடிகட்டியதும் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, ட்ரைகுளோரோ அசிட்டிக் அமிலத்தில் புரதத்தைப் படியவையுங்கள்.