‘அங்கே ஒற்று விட்டுப்போச்சு!’: நம்ம பக்கத்துத் திருத்துநர்கள்

அச்சகம், பாலக்கோடு:
கல்யாணப் பத்திரிகை புரூஃப் பார்க்க வருபவர்களில் ஒருவராவது பேனாவைத் திறந்தபடியே உட்காருவார். முகூர்த்த நேரம், மண்டபத்தின் பெயர் எதையும் பார்க்க மாட்டார். க், ச், த், ப் என்ற ஒற்று எங்கே விட்டுப்போச்சு என்று மட்டும் தேடுவார். முதலில் தேதியையும் நேரத்தையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். பெரிய சண்டை ‘வாழ்த்துகளா, வாழ்த்துக்களா’ என்பதில்தான். இரண்டுக்கும் ஆதரவாகப் பேசும் தமிழறிஞர்கள் உண்டு. அதற்காக 500 பத்திரிகையை மறுபடி அடிக்க வேண்டாம்.

தமிழாசிரியர், அரூர்:
அண்ணா, அதைவிடக் கெடுதல், தேவையில்லாத இடத்தில் ஒற்றைச் சேர்ப்பது. கடைப் பலகையில் ‘செய்து தரப்படும்’ என்று சரியாகவே இருக்கும். பக்கத்துத் தையல் கடையில் ‘தைத்துத் தரப்படும்’ என்று பார்த்தவர், இதையும் ‘செய்துத் தரப்படும்’ ஆக்கிவிடுவார். கடைசி ‘து’வுக்கு முன்னால் என்ன எழுத்து என்று பாருங்கள். தைத்து, பார்த்து, எடுத்து: வல்லின ஒற்று இருக்கிறது, மிகும். செய்து, வந்து: இல்லை, மிகாது.

‘சுவற்றில் எழுதாதீர்’ என்பதைத் திருத்தினால் அது நியாயம். கிணறு, வயிறு எல்லாம் ‘று’வில் முடிவதால் கிணற்றில், வயிற்றில். சுவர் ‘ர்’ என்று முடிகிறது, சுவரில்தான். பொருள் மாறும் இடத்தையும் விடக் கூடாது. ‘வேலை கொடுத்தார்’ என்றால் பணி. ‘வேலைக் கொடுத்தார்’ என்றால் முருகன் கையில் இருக்கும் வேல்.

பிளக்ஸ் டிசைனர், காவேரிப்பட்டினம்:
வாட்ஸ்அப்பில் வரும் யூனிகோட் எழுத்தைப் பழைய டிசைன் சாஃப்ட்வேரில் அப்படியே ஒட்டினால் கொம்பு இடம் மாறி நிற்கும். பாமினி மாதிரி யூனிகோட் அல்லாத பழைய எழுத்துருவுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும். அதைப் பார்த்து ‘தமிழே தெரியாதவன்’ என்று கத்துவது அநியாயம். அடிப்பதற்கு முன் படம் அனுப்புகிறோம், அப்போது சொல்லுங்கள். கட்டிய பிறகு ஸ்டிக்கர் ஒட்டித்தான் மறைக்க முடியும். பல நிறப் பின்னணியில் அது தனியாகத் தெரியும்.

வாசகர், ஓசூர்:
எங்கள் ஊர்ப் பெயரிலேயே சண்டை. கன்னடத்தில் ‘ஹொச’ என்றால் புதிய. அங்கே ஒகரம் குறில். அதனால் ‘ஒசூர்’ என்று எழுதுபவரை அடிக்க வராதீர்கள். ‘ஓசூர்’ தமிழில் நிலைத்த வழக்கு.

இங்கே பல வீடுகளில் தெலுங்கோ கன்னடமோதான் பேச்சு. இன்றைய தெலுங்கிலும் கன்னடத்திலும் ழகரம் இல்லை. பிள்ளை பேசும்போதே குறுக்கே புகுந்தால் அடுத்த முறை வாயே திறக்காது. முடிக்க விடுங்கள். பிறகு கிழி, கிளி என்று ஒரே ஒரு சோடியைச் சொல்லிக்காட்டுங்கள்: ‘ள’வுக்கு வளைந்த நாக்கு அண்ணத்தைத் தொடும், ‘ழ’வுக்குத் தொடாது.