டிபி மறுப்பு: இரண்டு மதிப்பெண்ணுக்காக ஒரு பருவமா?

செட்ஸ்வர்த் வாசி
தென்னாப்பிரிக்காவின் டர்பனில் முதலாண்டு பொருளியல் படிக்கிறேன். வகுப்பு மதிப்பெண் 40 சதவீதம் இருந்தால்தான் டிபி, அதாவது தேர்வு எழுதும் தகுதி. எனக்கு 38. ஜூன் தேர்வு கிடையாது என்றுவிட்டார்கள். கணக்கைப் பாருங்கள்: இறுதி மதிப்பெண்ணில் வகுப்புக்கு 40, தேர்வுக்கு 60, தேற 50 வேண்டும். 38 வாங்கியவன் தேர்வில் 58 எடுக்க வேண்டும், 40 வாங்கியவனுக்கு 57 போதும். இந்த ஒரு மதிப்பெண்ணுக்கா வாசலில் நிறுத்துவது?

டோங்காட் அக்கா
தம்பி, கோட்டை எங்கே போட்டாலும் அதற்கு இரண்டு மதிப்பெண் கீழே ஒருவர் நிற்பார். 35 என்று வைத்தால் 33 வாங்கியவர் இதையே கேட்பார். நான் டியூட்டராக இருந்தவள். மார்ச்சில் தேவை, அளிப்பு புரியாதவருக்கு ஏப்ரலில் நெகிழ்ச்சி புரியாது, மே மாதம் முற்றுரிமை சுத்தமாகப் புரியாது. டிபி இல்லையென்றால் பாதிப் பேர் மே கடைசியில்தான் புத்தகத்தையே திறப்பார்கள்.

செட்ஸ்வர்த் வாசி
திறக்கட்டுமே. 20 வாங்கியவர் தேற வேண்டுமானால் தேர்வில் 70 எடுக்க வேண்டும். எடுத்துவிட்டால் பாடம் தெரியும் என்றுதானே அர்த்தம்?

வெஸ்ட்வில் பழையவன்
2004ல் டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகத்தை நட்டால் பல்கலைக்கழகத்தோடு இணைப்பதற்கு முன்பு படித்தவன் நான். எனக்கு உறுத்துவது வேறு. மொத்தம் 45 முதல் 49 வரை வாங்கினால் சப், அதாவது துணைத் தேர்வு எழுதலாம். எழுதித் தோற்றவனுக்கு இரண்டாம் வாய்ப்பு, டிபி போனவனுக்கு முதல் வாய்ப்பே இல்லை. தேர்வில் மட்டும் தனியாக 40 வேண்டும் என்ற சப்மினிமம் நல்ல விதி. அசைன்மென்ட்டைப் பார்த்து எழுதி வகுப்பில் 80 வாங்கியவன், அது இல்லாவிட்டால் தேர்வில் வெறும் 30 எடுத்தே தேறிவிடுவான். அந்தச் சல்லடை இருக்கும்போது டிபி எதற்கு?

டோங்காட் அக்கா
அண்ணா, முதலாண்டில் நூற்றுக்கணக்கில் பிள்ளைகள். அத்தனை தாளையும் யார் திருத்துவது?

வெஸ்ட்வில் பழையவன்
ஆக, ஆள் பற்றாக்குறை! அதை விதிப் புத்தகத்திலேயே எழுதட்டும். கல்வித் தரம் என்று ஏன் பூச வேண்டும்?

டோங்காட் அக்கா
தரமும்தான் அண்ணா. தம்பி, உனக்கு எதில் போச்சு?

செட்ஸ்வர்த் வாசி
ஒரு க்விஸ். அன்று டாக்சி ஸ்ட்ரைக், போக முடியவில்லை. பூஜ்ஜியம் போட்டுவிட்டார்கள். என்ஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதியுதவிப் பணத்தில் படிக்கிறேன். பாடங்கள் தேறாமல் போனால் அடுத்த ஆண்டு அதற்கும் ஆபத்து.

டோங்காட் அக்கா
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! அது விதிவிலக்குக் கேட்க வேண்டிய விஷயம். ஸ்ட்ரைக் செய்தியையும் இணைத்து மேல்முறையீடு கொடு. டிபியையே எடுக்கச் சொல்லாதே, எரிச்சல்தான் வரும்.

செட்ஸ்வர்த் வாசி
கொடுத்தாச்சு அக்கா. இரண்டாம் பக்கத்தில் அதையும் எடுக்கச் சொல்லி எழுதியிருக்கிறேன்.