நீரோடி கடலரிப்பு: கல்சுவரா, தூண்டில் வளைவா?

கடலோரவாசி: குமரி மாவட்டத்தில் கேரள எல்லையை ஒட்டிய நீரோடி முதல் இரவிபுத்தன்துறை வரை கடலரிப்புக்குத் தூண்டில் வளைவுதான், அதாவது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் தடுப்புதான், தீர்வு என்று பேசுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. ஆனி ஆடியில் அலை வாசலுக்கு வந்துவிடும், வளைவுக்குள் மணல் சேரும்வரை வீடு தாங்காது. கரையோரமாக எழுப்பும் கல்சுவர் போட்ட அன்றே பலன் தரும்.

கரமடி: நாலைந்து மழைக்காலம் போகட்டும் அண்ணே. சுவரில் மோதித் திரும்பும் அலை அடிமணலைத் தோண்டும். கல் புதையும், மறுபடி கல் கொட்டணும். முன்னால் மணலே இல்லாவிட்டால் வள்ளத்தை எங்கே ஏற்றுவது? கரமடி வலையை எங்கே நின்று இழுப்பது?

கடலோரவாசி: புதைவது போட்ட முறையால். முதலில் மணல்மேல் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன்மேல் சிறு கல், பிறகு நடுத்தரக் கல், மேலே டன் கணக்கில் எடையுள்ள பாறை. துணியை விட்டுவிட்டால் கல்லிடுக்கு வழியாக மணல் உருவப்பட்டு சுவர் இறங்கும். கடல் பக்க அடிக்காலையும் அகலமாகப் பரப்பணும்.

நெய்யாற்றோரம்: இரண்டு பேரும் எல்லையோடு நின்றுவிட்டீர்கள். கேரளப் பக்கம் தெற்குக் கொல்லங்கோடு, பொழியூர்க்காரர்கள் தமிழ்நாட்டு வளைவால்தான் எங்கள் கரை போகிறது என்று புகார் சொல்கிறார்கள். அதைத் தள்ளிவிட முடியாது. கரையோரமாக நகரும் மணலை வளைவு ஒரு பக்கம் பிடித்துவைத்தால் மறுபக்கம் மணல் வரத்து குறையும், கரை அரிக்கும். 1956 நவம்பர் 1-ல் நீரோடி இருந்த விளவங்கோடு தாலுகா அன்றைய சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்ததிலிருந்து இந்தக் கரைக்கு இரண்டு அரசுகள். திட்டம் மட்டும் ஒன்றாகப் போடவேண்டாமா?

கரமடி: போடணும். வளைவின் நீளத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இடைவெளி விடுவது வழக்கம். வரிசை முடியும் இடத்தில் கடைசி வளைவுகளைப் படிப்படியாகக் குட்டையாக்கணும். இடைவெளிகளை முதலிலேயே மணல் கொட்டி நிரப்பிவிட்டால், ஓடிவரும் மணல் தங்காமல் அடுத்த ஊருக்குப் போகும். வளைவின் கரைப்பக்க முனையைக் கரைக்குள் ஆழமாக இறக்காவிட்டால் அலை பின்னால் சுற்றி வெட்டிவிடும்.

நெய்யாற்றோரம்: நிரப்ப மணல்? தேங்காய்ப்பட்டணம் துறைமுக வாயிலில் மணல் மேடிட்டுப் படகு கவிழ்கிறது. அங்கே தூர்வாருவதை வேறெங்கும் கொண்டுபோகாமல் அரிக்கும் கரையிலேயே கொட்டட்டும்.

கடலோரவாசி: அதை ஏற்கிறேன். ஆனால் சித்திரை வைகாசியில் காற்றே இல்லாமல் கள்ளக்கடல் வரும். தெற்கே இந்தியப் பெருங்கடலில் எங்கோ அடித்த புயலின் அலை அது, வளைவுகளுக்கு நடுவே நேராக ஏறும். முன்னால் மணல் சேருங்கள், வளைவும் போடுங்கள். வீட்டோரச் சுவரை எடுக்க மட்டும் சம்மதிக்க மாட்டேன்.