தம்பியின் புது கம்பியூட்டர்: எங்கள் குடும்பக் குழுவில்

சனி

ஹட்டன் தம்பி: அக்கா, புது கம்பியூட்டர் இன்று காலை எழும்பவே இல்லை. பட்டனை அழுத்தினால் ஃபேன் எல்லாம் சுற்றுகிறது, ஸ்கிரீன் கறுப்பாகவே நிற்கிறது. நேற்று விண்டோஸ் போட்டு நன்றாகத்தான் ஓடியது. ராத்திரி வீடியோ எடிட்டிங் தொடங்கிய பிறகு தானாக ரீஸ்டார்ட் ஆனது. மதர்போட் போய்விட்டதா?

அம்மா: அவ்வளவு காசு போட்டு வாங்கியது. கடைக்காரரிடம் உடனே கேளப்பா.

பேராதனை அக்கா: அம்மா, பயப்படாதீர்கள். கேட்பதற்கு முன்னால் நாமே கொஞ்சம் பார்க்கலாம். தம்பி, மதர்போட்டின் ஓரத்தில் வரிசையாக நான்கு சின்ன விளக்குகள் இருக்கும். பக்கத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று அச்சடித்திருப்பார்கள். எது எரிகிறது?

ஹட்டன் தம்பி: டிராம். ஒரு நிமிடம் பார்த்தேன், அணையவே இல்லை. நிறுத்தித் திரும்பவும் போட்டேன், அதே கதை.

பேராதனை அக்கா: டிராம் என்றால் ரேம். இனி இடையில் நிறுத்தாதே. டிடிஆர்5 ரேம் போட்ட போட், முதல் தடவையிலும் ரேம் செட்டிங் மாறினாலும், ஒவ்வொரு ரேமுக்கும் எந்த நேரக் கணக்கில் பேசினால் சரியாகக் கேட்கும் என்று தானே சோதித்துப் பார்க்கும். மெமரி டிரெயினிங் என்பது அதுதான். அது முடியும்வரை ஸ்கிரீனில் ஒன்றும் வராது. சில நிமிடங்கள் பிடிக்கும், சில போட்டில் பத்து நிமிடம்கூடப் போகும். நடுவில் அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். இப்போது ஆன் பண்ணிவிட்டுப் போய் தேத்தண்ணி குடி.

ஹட்டன் தம்பி: வந்துவிட்டது அக்கா! டிராம் விளக்கு அணைந்ததும் படம் வந்தது. நேற்று பயாஸில் ரேம் வேகத்தைக் கூட்டும் எக்ஸ்போவை ஆன் பண்ணியிருந்தேன், அதனால்தானா?

பேராதனை அக்கா: அதனால்தான் இருக்கும். ஆனால் கறுப்பு ஸ்கிரீன் வேறு, எடிட்டிங்கில் ரீஸ்டார்ட் ஆனது வேறு. முதலாவதுக்குப் பொறுமை போதும். இரண்டாவதுக்குக் காரணம் தேட வேண்டும்.

கொட்டகலை மாமா: நான் ஒன்று கேட்கிறேன். கம்பியூட்டரின் இரும்புக் கேசைத் தொட்டால் கை சுர்ரென்று இழுக்கிறதா?

ஹட்டன் தம்பி: ஆமாம் மாமா, வெறும் காலோடு நின்றால் லேசாகத் தெரிகிறது.

கொட்டகலை மாமா: நினைத்தேன். அந்த அறைச் சுவரில் இருக்கிறது பழைய உருண்டைப் பின் பிளக். தோட்டத்து லயன் வீடுகளில் நிறைய இடத்தில் பிளக்கில் எர்த் ஓட்டை இருக்கும், பின்னால் எர்த் வயர் இருக்காது. பவர் சப்ளைக்குள் லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேசுக்கு இரண்டு சின்ன கெப்பாசிட்டர் போயிருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதியளவு கேசில் நிற்கும். கரண்ட் மிகக் குறைவு என்பதால் சுர் என்பதோடு நிற்கிறது. ஆனால் உள்ளே எங்காவது இன்சுலேஷன் விட்டால் முழு 230-உம் கேசுக்கு வந்துவிடும். நாளைக்கு நான் வந்து எர்த் கம்பி இறக்கி, கரண்ட் கசிந்தால் தானாக விழும் ட்ரிப் சுவிட்சையும் பார்க்கிறேன். அதுவரை செருப்பில்லாமல் தொடாதே, பிள்ளைகளையும் கிட்ட விடாதே.

அம்மா: ஐயோ, நேற்று சின்னவள் பக்கத்தில்தான் விளையாடிக்கொண்டிருந்தாள். அண்ணா, கட்டாயம் வாருங்கள்.

பேராதனை அக்கா: மாமா சொல்வதுதான் முதல் வேலை. ரீஸ்டார்ட்டுக்கு அதுதான் காரணம் என்று இப்போதே சொல்ல முடியாது. அது காரணமாக இல்லாவிட்டாலும் செய்தே ஆக வேண்டும்.

நுவரெலியா சித்தப்பா: இங்கே பக்கத்துக் கடையில் கம்பியூட்டர் பார்க்கிற பையனிடம் கேட்டேன். விண்டோஸ் நடந்ததை எழுதிவைக்கும் ஈவென்ட் வியூவரில் கெர்னல் பவர் 41 என்று சிவப்பாக இருந்தால் பவர் சப்ளை பழுது, மாற்று என்கிறான். மதர்போட்டை எழுப்பும் மென்பொருளான பயாஸும் அப்டேட் பண்ணி, விண்டோஸும் புதிதாகப் போட்டால் சரியாகும் என்கிறான்.

ஹட்டன் தம்பி: 41 இருக்கிறது சித்தப்பா! ராத்திரி விழுந்த நேரமும் சரியாக இருக்கிறது.

பேராதனை அக்கா: சித்தப்பா, அந்த 41-க்கு, ஒழுங்காக ஷட் டவுன் ஆகாமல் மெஷின் நின்றுபோனது என்று மட்டும்தான் அர்த்தம். கரண்ட் போனாலும் 41 வரும், நாமே பட்டனைப் பிடித்து அணைத்தாலும் 41 வரும். அதை வைத்து பவர் சப்ளை வாங்கினால் காசு போகும், பழுது அப்படியே இருக்கும்.

பேராதனை அக்கா: அதைவிட முக்கியம், மூன்றையும் ஒரே நாளில் மாற்றவே கூடாது. மாற்றிய பிறகு சரியானால் எதனால் சரியானது என்று தெரியாது. சரியாகாவிட்டால் பழைய பழுதா, நாம் புதிதாகக் கிளப்பியதா என்று தெரியாது. ஒன்றை மாற்று, சோதி, எழுதிவை. அப்புறம் அடுத்தது. எங்கள் லேபிலும் இதே முறைதான்.

பேராதனை அக்கா: பயாஸ் அப்டேட் நல்லதுதான், புது பயாஸில் ரேம் பொருத்தம் பல தடவை மேம்பட்டிருக்கும். ஆனால் இப்போது வேண்டாம். மத்தியானம் ஆனால் இடி மின்னல். எழுதும்போது கரண்ட் நின்றால் போட் எழும்பாமல் போகலாம். ரேமிலேயே சந்தேகம் இருக்கும்போது அதை நம்பி பயாஸ் எழுதுவதும் சரியில்லை.

ஹட்டன் தம்பி: சரி அக்கா. எங்கிருந்து தொடங்கட்டும்?

பேராதனை அக்கா: விழும்போது நீலத் திரை வந்ததா, அதில் என்ன எழுதியிருந்தது? எடிட்டிங்கில் சூடு எவ்வளவு ஏறுகிறது?

ஹட்டன் தம்பி: ஒரு தடவை மெமரி மேனேஜ்மென்ட், இன்னொரு தடவை ஐஆர்கியூஎல் நாட் லெஸ் ஆர் ஈக்வல். சூடு 78-ஐத் தாண்டவில்லை.

பேராதனை அக்கா: உன் சிபியு ரைசன் 7600-க்கு உச்ச வரம்பு 95 டிகிரி. அப்படியென்றால் கூலர் சரியாகத்தான் உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பெயரில் விழுந்தால் என் கண் முதலில் ரேமுக்குத்தான் போகும். ஏதாவது ஒரு டிரைவர் கெட்டிருந்தால் பெரும்பாலும் ஒரே பெயர்தான் திரும்பத் திரும்ப வரும்.

நுவரெலியா சித்தப்பா: பனிமூட்டத்தில் ஈரம் இறங்கியிருக்குமோ? இங்கே எங்கள் வீட்டு ரேடியோகூட மக்கிப்போய்விட்டது.

பேராதனை அக்கா: ஓடுகிற மெஷின் அறையைவிடச் சூடாக இருப்பதால் அதில் நீர் படியாது சித்தப்பா. குளிரில் கிடந்த பெட்டியைச் சூடான அறைக்குக் கொண்டுவந்து உடனே போடுவதுதான் ஆபத்து. தம்பி அதை இரண்டு நாள் அறையிலேயே வைத்த பிறகுதான் பாகங்களைச் சேர்த்துப் பூட்டினான்.

பேராதனை அக்கா: தம்பி, ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ பென் டிரைவில் போட்டு அதிலிருந்தே பூட் பண்ணு, விண்டோஸ் தேவையில்லை. எக்ஸ்போ ஆனில் இருக்கும்போதே ஓட்டு. சில மணி நேரம் எடுக்கும், மின்னல் இல்லாத நேரமாகப் பார். ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான். நிறையச் சரி, கொஞ்சம்தான் தப்பு என்ற கணக்கு ரேமுக்குக் கிடையாது.

ஞாயிறு

கொட்டகலை மாமா: எர்த் கம்பி இறக்கியாச்சு. பழைய பிளக்கைக் கழற்றி 13 அம்பியர் சதுரப் பின் பிளக் போட்டேன். ட்ரிப் சுவிட்ச் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் விழுகிறது. கேசில் இப்போது சுர் இல்லை.

ஹட்டன் தம்பி: மாமாவுக்குப் பெரிய நன்றி. அக்கா, எர்த் போட்ட பிறகுதான் மெம்டெஸ்ட் ஓட்டினேன். [படம்: சிவப்பு வரிகள் நிறைந்த ஸ்கிரீன்]

பேராதனை அக்கா: இதுதான் நாம் தேடியது. இப்போது எக்ஸ்போவை மட்டும் ஆஃப் பண்ணி அதே சோதனையை ஓட்டு. வேறு எதையும் தொடாதே.

ஹட்டன் தம்பி: எக்ஸ்போ இல்லாமல் 4800-இல் நிற்கிறது அக்கா. பிழை குறைந்தது, ஆனால் இன்னும் வருகிறது.

பேராதனை அக்கா: எக்ஸ்போ என்பது தயாரிப்பாளர் ரேமுக்குள் எழுதிவைத்த வேக அமைப்பு. உன் ஜோடிக்கு 6000. ஏஎம்டி இந்த சிபியுவுக்குத் தரும் அதிகாரபூர்வ வேகம் 5200. அதனால் 6000-இல் மட்டும் பிழை வந்திருந்தால் வேகத்தைக் குறைத்துப் பயன்படுத்தியிருக்கலாம். 4800-இலும் வருகிறது என்றால் ரேமே பழுதாக இருக்கலாம், அல்லது ஸ்லாட். இதைப் பிரித்துப் பார்ப்போம். கரண்டை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஒரு ரேமை மட்டும் ஏ2 ஸ்லாட்டில் போடு. சிபியுவிலிருந்து எண்ணினால் இரண்டாவது. கிராஃபிக்ஸ் கார்டையும் எடுத்துவிடு, 7600-க்குள்ளேயே கிராஃபிக்ஸ் இருக்கிறது, எச்டிஎம்ஐ வயரை மதர்போட்டில் குத்து. ஒன்று முடிந்ததும் அதே ஸ்லாட்டில் மற்றதை.

அம்மா: சாப்பிட்டுவிட்டுச் செய்யப்பா.

திங்கள்

ஹட்டன் தம்பி: முதல் ரேம் சுத்தமாக முடித்தது. அதே ஸ்லாட்டில் இரண்டாவதைப் போட்டேன், உடனே சிவப்பு.

பேராதனை அக்கா: அப்படியென்றால் ஸ்லாட் நல்லது, போட் நல்லது, சிபியு நல்லது. அந்த ஒரு ரேம்தான். இரண்டு படத்தையும் பத்திரமாக வை, வாரண்டிக்குக் காட்ட வேண்டும். ஜோடியாக விற்றதை ஜோடியாகவே திருப்பிக் கொடு. ஒன்றை மட்டும் மாற்றினால் வேறு சிப் உள்ளது வந்து சேரலாம், அப்புறம் 6000-இல் திரும்பவும் தலைவலி.

வெள்ளவத்தை அண்ணா: பில்லும் ரேமும் பஸ்ஸில் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடு. பம்பலப்பிட்டிக் கடைக்கு வேலை முடிந்து நானே போகிறேன். ஸ்டிக்கரைக் கிழிக்காதே.

ஹட்டன் தம்பி: எந்த ஸ்டிக்கரையும் தொடவில்லை அண்ணா. இன்றைக்கே அனுப்புகிறேன்.

வெள்ளி

வெள்ளவத்தை அண்ணா: மாற்றித் தந்தார்கள். முதலில் கடையில் போட்டு, எழும்புகிறதே என்றார்கள். எழும்புவதை யாரும் மறுக்கவில்லை, மெம்டெஸ்ட் படத்தைப் பாருங்கள் என்றேன். அப்புறம் பேச்சே இல்லை.

ஞாயிறு

ஹட்டன் தம்பி: புது ஜோடியை ஏ2, பி2-இல் போட்டேன். டிராம் விளக்கு நீண்ட நேரம் எரிந்தது, தொடவே இல்லை. எக்ஸ்போவோடு ராத்திரி முழுக்க ஓட்டினேன். நான்கு பாஸ், அதாவது நான்கு முழுச் சுற்று, பிழை இல்லை.

பேராதனை அக்கா: மிக்க சந்தோஷம் தம்பி! இனி பயாஸில், பழைய டிரெயினிங் முடிவையே திரும்பப் பயன்படுத்தும் மெமரி கான்டெக்ஸ்ட் ரீஸ்டோரை ஆன் பண்ணலாம், காலையில் சீக்கிரம் எழும்பும். ரேம் சந்தேகமாக இருந்தபோது அதை ஆன் பண்ணியிருந்தால் நம்மைக் குழப்பியிருக்கும். ஆன் பண்ணிய பிறகு இன்னொரு தடவை மெம்டெஸ்ட். பயாஸ் அப்டேட் வேண்டுமென்றால் யூபிஎஸ் வந்த பிறகு.

நுவரெலியா சித்தப்பா: பவர் சப்ளை வாங்காமல் விட்டது நல்லதாயிற்று. அந்தப் பையனிடமும் 41 விஷயத்தைச் சொல்கிறேன்.

கொட்டகலை மாமா: மின்னல் அடிக்கும்போது சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது, பிளக்கையே கழற்று. இன்டர்நெட் வயரையும்.

ஹட்டன் தம்பி: சரி மாமா. எடிட்டிங் இப்போது ஓடிக்கொண்டிருக்கிறது, கல்யாண வீடியோ முழுக்க எக்ஸ்போர்ட் ஆகிறது. முடிந்ததும் இங்கேயே போடுகிறேன்.