தடைவிதி, மடைவிதி: ஷேப்பிங்குக்கு ஒரு சொல்

வணக்கம்.

இணைப்பின் வேகத்தை அளவாகப் பங்கிட்டு விடும் 'பேண்ட்வித் ஷேப்பிங்'குக்குத் தமிழ்ச் சொல் கேட்டதற்கு வந்த 'பட்டையகல வடிவமைப்பு' என்ற பரிந்துரையைப் பார்த்தேன். ஷேப் என்றால் வடிவம், சரி. ஆனால் வடிவமைப்பு என்றதும் நமக்கு டிசைன்தான் ஞாபகம் வரும். அடுத்து வந்த 'கட்டுப்பாடு' இன்னும் ஆபத்து. அதில் நானே சூடு கண்டவன்.

திருகோணமலையில் நான் கவனிக்கும் ஒரு பயிற்சி நிலையத்தில் 24 கணினிக்கு 8 மெகாபிட் இணைப்பு. தீச்சுவரும் (ஃபயர்வால்) வேகப் பங்கீடும் ஒரே லினக்ஸ் பெட்டியில். பொறுப்பாக இருக்கும் தம்பிக்குத் தாளில் எழுதிக் கொடுத்தேன்: 'டொரண்டைத் தடு, வீடியோவைக் கட்டுப்படுத்து.' அவர் இரண்டுக்கும் முழுதாக மறிக்கும் டிராப் விதியே போட்டுவிட்டார். மறுநாள் சூம் வகுப்பு தொடங்கவே இல்லை. "நீங்கள்தானே அண்ணை கட்டுப்படுத்தச் சொன்னீங்கள்?" என்றார். பிழை சொல்லில்தான்.

தடுத்தால் பொதி (பாக்கெட்), அதாவது வலையில் போகும் தரவுத் துண்டு, அந்த இடத்திலேயே சாகும். ஷேப்பிங்கில் அது உடனே சாவதில்லை. வரிசையில் நின்று, அளவான வேகத்தில் வெளியே போகும். இரண்டையும் சேர்க்கும்போது லினக்ஸின் தீச்சுவர்க் கருவியான ஐபிடேபிள்ஸ் வேண்டாத பொதியை வீழ்த்திவிட்டு, மற்றதற்கு 10, 20 என்று ஒரு குறி இடும். அந்தக் குறி பொதிக்குள் எழுதப்படுவதில்லை, கம்பியிலும் போகாது. இயங்குதளத்தின் கருவான கேர்னலுக்குள் மட்டுமே இருக்கும். வேகம் பங்கிடும் கருவியான டிசி அதைப் பார்த்துப் பொதியை உரிய எச்டிபி வகுப்பில், அதாவது தனக்கென வேகம் ஒதுக்கிய பிரிவில், சேர்க்கும். பிரீபிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் தீச்சுவரான ஐபிஎப்டபிள்யூவில் இன்னும் சுருக்கம்: விதியில் 'டினை' (மறு) இருக்கும் இடத்தில் 'பைப்' என்று எழுதி, அதன் எண்ணைக் கொடுத்தால் ஆயிற்று.

பைப், பக்கெட், ஃப்ளோ. ஆங்கிலத்திலேயே எல்லாம் தண்ணீர்ச் சொற்கள்தான். அப்படியிருக்க, கந்தளாய்க் குளத்தை நம்பி வயல் செய்கிறவர்கள் வாயில் இருப்பதை ஏன் எடுக்கக்கூடாது? கட்டு மறிக்கும், துருசு (மதகு) அளவாக விடும், நிரம்பினால் குளம் வான் பாயும், அதாவது மிச்சம் வழிந்தோடும். வரிசை நிறைந்து பொதி விழுவதும் வான் பாய்வதுதான். அளவை மீறும் பொதியை வரிசையில் நிறுத்தாமல் வீழ்த்தும் பொலிசிங் என்பது குளமே இல்லாமல் மிச்சத்தை நேரே வானில் விடுவது.

எனக்குத் துருசு என்ற சொல்லில்தான் ஆசை. ஆனால் துருசு என்றால் மயில்துத்தம் என்று நினைக்கிறவர்களும் இங்கே உண்டு. சித்த மருந்துப் பட்டியல் என்று எண்ணிவிடுவார்கள். 'அளந்துவிடல்' என்றால் சிரிப்பார்கள், ஏற்கெனவே நிறையப் பேர் அளந்துவிடுகிறார்கள். மடை என்ற சொல் இலங்கை, தமிழகம் என்ற இரு கரைக்கும் பொது. 'மடை திறந்த வெள்ளம்' என்ற வழக்கு மட்டும் எதிர்ப்பொருள் தருமே என்று யோசித்தேன். அது திறந்த மடை. நாம் சொல்வது பாதி திறந்தது.

ஆகவே என் முன்மொழிவு: ஷேப்பிங் மடைப்படுத்தல், வினை மடைப்படுத்து. மறிக்கும் விதி தடைவிதி, அளவாக விடும் விதி மடைவிதி. ஓரெழுத்துதான் வித்தியாசம், கையெழுத்து மோசமானவர்கள் கவனிக்க. மடை எங்கே இருக்கவேண்டும் என்பதையும் சொல் ஞாபகப்படுத்தும்: பெட்டி தான் அனுப்புவதைத்தான் மடைப்படுத்த முடியும். பதிவிறக்கத்தைக் குறைக்க வேண்டுமானால், கணினிகள் பக்கம் உள்ள இடைமுகத்தில் மடை வைக்க வேண்டும்.

பொலிசிங்குக்கு 'வான்விதி' போதுமா என்று சொல்லுங்கள்.

தாளைத் திருத்திக் கொடுத்துவிட்டேன்: 'டொரண்டுக்குத் தடை, வீடியோவுக்கு மடை.' தம்பி வாசித்துவிட்டுக் கேட்டார்: "அப்ப இதைப் பார்க்கிற நான் மடையனோ, அண்ணை?"