சித்திரையில் வல்லை வெளி, பண்ணை: உள்ளான் கூட்டங்களை எப்போது, எங்கே நின்று பார்ப்பது?

நீர்க்கரை:
வருடப்பிறப்பு லீவுக்கு நாலு நாள் யாழ்ப்பாணத்தில் நிற்பேன். கையில் 8×42 பைனோகுலரும் இரவல் 20–60 ஸ்கோப்பும் முக்காலியும் இருக்கு. வடக்கே திரும்பிப்போகும் கரைப்பறவைகளை இனப்பெருக்கத்துக்காக நிறம் மாறிய கோலத்தில் பார்க்க விருப்பம். வத்துப்பெருக்கு (கடல்நீர் இறங்கி ஏறும் நேர) அட்டவணையை வைத்து நேரம் குறிக்கலாமா? சின்ன மணல் உப்புக்கொத்தியையும் பெரியதையும் தூரத்தில் எப்படிப் பிரிப்பது?

தரவை:
அட்டவணை எல்லா இடத்துக்கும் சரிவராது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணைக் கதவுகள் இருப்பதால், அவற்றுக்கு உள்ளே கிடக்கும் வல்லை வெளிக்கும் உப்பாற்றுக் களப்புக்கும் வத்துப்பெருக்கு எட்டாது என்றே வையுங்கள். மாரியில் நிரம்பிய தண்ணீரைப் பங்குனி, சித்திரை வெயில் குடிக்கக் குடிக்க நீர்விளிம்பு உள்ளே நகரும். பறவையும் அந்த விளிம்போடுதான் நகரும். போன கிழமை கூட்டம் நின்ற இடத்தில் இன்றைக்கு உப்புப் பொருக்கு மட்டும் இருக்கலாம். அதனால் முதலில் ஈரச்சேறு எங்கே மினுங்குகிறது என்று பாருங்கள். கொசு உள்ளானுக்கு ஈரச்சேறும் ஒன்றிரண்டு சென்ரிமீற்றர் தண்ணீரும் போதும். பவளக்காலி இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும், கறுப்புவால் மூக்கன் வயிறு நனைய நிற்கும்.

யாழ் நகரிலிருந்து தீவுப் பக்கம் கடலைக் கடந்து போகும் பண்ணைப் பாதை வேறு கதை. அதன் இரு பக்கமும் திறந்த, ஆழம் குறைந்த பரவைக்கடல், அங்கே வத்து பார்க்கத்தான் வேண்டும். அமாவாசை, பறுவத்தை ஒட்டிய நாட்களில் சாதாளைத் திடல் (கடற்புல் படர்ந்த மேடு) நன்றாக வெளிக்கும். எங்கள் பக்கம் ஏற்ற இறக்கம் சிறிது என்பதால் காற்று கணக்கைக் குழப்பிவிடும். சோளகம் (தென்மேற்குக் காற்று) வெள்ளனக் கிளம்பிவிட்டால் அட்டவணையில் வத்து என்று போட்டிருந்தாலும் திடல் மூடிக் கிடக்கும்.

வெளிச்சம்: காலையில் பாதையின் மேற்குப் பக்கத்தைப் பாருங்கள், பின்னேரம் கிழக்குப் பக்கத்தை. சூரியன் முதுகில் இருந்தால்தான் கால் நிறம் தெரியும். ஆறு மணிக்கே இடத்தில் நில்லுங்கள், எட்டரைக்குப் பிறகு கானல் தொடங்கிவிடும். அப்போது 60க்குத் திருகினால் கானலும் சேர்ந்து பெருக்கும், 25–30க்கு மேலே போகாதீர்கள். முக்காலியின் கால்களை நீட்டாமல் தாழ வைத்து, நடுத் தண்டையும் உயர்த்தாமல் விடுங்கள். காற்றுக்கு ஆடாது.

கொக்குவில்_குருவி:
மணல் உப்புக்கொத்தி: அலகின் நீளத்தை எடுத்து அலகடியிலிருந்து கண்ணுக்குப் பின்னால் வைத்துப் பாருங்கள். கண்ணின் பின்விளிம்பைத் தெளிவாகத் தாண்டினால் பெரியது. பின்விளிம்போடு அல்லது அதற்கு முன்னே நின்றால் சின்னது. பெரியதன் கால் வெளிறிய பச்சைச் சாயல், சின்னதன் கால் கருமை. ஆனால் சேறு பூசிய காலை நம்பவே கூடாது, பிழைவிடுவது பெரும்பாலும் அங்கேதான். சித்திரையில் இன்னொரு வசதி உண்டு: சின்னதன் நெஞ்சில் செம்மஞ்சள் அகலமாக விலாவரை படரும், பெரியதில் ஒடுங்கிய பட்டையாக நிற்கும்.

உப்புக்கொத்தியா உள்ளானா என்று தெரியாவிட்டால் நடையைப் பாருங்கள். உப்புக்கொத்தி நாலைந்து எட்டு ஓடிச் சட்டென்று நிற்கும், தலையைச் சரிக்கும், ஒரே கொத்து. உள்ளான் நிற்காமல் நடந்தபடியே சேற்றைக் குத்திக்கொண்டு போகும்.

மூக்கன் பறக்கும்போது இறக்கையில் அகன்ற வெள்ளைப் பட்டையும் கறுத்த வால்நுனியும் தெரிந்தால் கறுப்புவால். பட்டை இல்லாமல் அலகு சற்று மேல்வளைந்திருந்தால் பட்டைவால்.

தரவை:
ஒன்று முக்கியம். இப்போது அவை தின்பது பயணத்துக்கான கொழுப்பு. ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் அதில் ஒரு பங்கு வீணாகிறது. கொத்துவதை விட்டுத் தலைகள் நிமிர்ந்தால் அல்லது கூட்டமாக விலகி நடந்தால் அதற்கு மேல் ஓர் அடியும் வைக்காதீர்கள். வாகனத்துக்குள் இருந்தே பார்ப்பது நல்லது, ஆள் உருவத்துக்கு வெருளுவதுபோல வாகனத்துக்கு வெருளாது. பெருக்கில் ஒற்றைக்காலில் அலகைச் செருகி நிற்கும் கூட்டத்தை விட்டுவிடுங்கள்.

காலடியும் கவனம். நெடுங்கால் உள்ளான் இந்தக் காலத்தில் வெறுந்தரையில் முட்டையிடும், புள்ளி முட்டை சேற்றோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாது. தலைக்கு மேலே கத்திச் சுற்றினால் வந்த வழியே திரும்புங்கள். ஆனையிறவு, முகமாலைப் பக்கம் போனால் மிதிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் பாதையை விட்டு இறங்கவே வேண்டாம்.

நீர்க்கரை:
மிக்க நன்றி. புறப்படுவதைப் பார்க்க முடியுமா?

கொக்குவில்_குருவி:
முடியும். பொழுதுபடும் நேரம், காற்று அடங்கி வானம் வெளித்த நாளில் கவனியுங்கள். கூட்டம் தீனியை நிறுத்தி இறகு கோதும், சத்தம் கூடும். பிறகு ஒரு பகுதி எழும்பிச் சுற்றிச் சுற்றி உயரும், சில திரும்பி இறங்கும், மிச்சம் கோடாக இழுபட்டு வடக்கே போகும். வைகாசி தொடக்கத்தில் மிஞ்சி நிற்பவை பெரும்பாலும் நிறம் மாறாத இளம் பறவைகள்.